ஆமா போட ஒரு ஆள்

இந்த சீட்டுக்கு ஆள் வருதா யம்மா? இல்லையா? அப்பம் கொஞ்சம் நகந்து உக்காரு. அவுகளை முன் சீட்டுல கம்பி ஓரமா உக்கார வச்சாச்சு. இடது கையால கம்பியப் பிடிச்சுக்கிடுவாக. வலது கை சும்மா தொங்குது, ஒண்ணுத்துக்கும் ஆகாது. பக்கத்துல ஒரு தடியன் உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கான். இருக்கட்டும். அவுக மூஞ்சியப் பாக்காம எனக்கும் கொஞ்ச நேரம் கெடச்சா நல்லதுதான்.

நீ எங்க இறங்குத? திருச்செந்தூரா? நாங்க அதுக்கு முந்தியே இறங்கிருவோம், வாகைவிளை. திருநெல்வேலியில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரோம்.

என்னைப் பாத்தாத் தெரியலையா? வில்லிசை பிரம்மசக்தி. கோயில் கொடை நோட்டீஸ்ல எல்லாம் போட்டிருப்பானே, பெரிய பொட்டு வச்சுக்கிட்டு, கையில வில்லடிக்கிற வீசுகோலோட. தெரியாதா? சரி, விடு. இப்பம் உள்ள பிள்ளைகளுக்கு போன்ல வந்தாத்தான் ஆளு.

முதல்லயே ஒண்ணு சொல்லிக்கிடுதேன். எங்கிட்டக் கதை கேக்கணும்னா ஆமா போடணும். நான் ஒரு வரி சொல்லி நிறுத்துனா நீ ஆமாங்கணும். வில்லுப்பாட்டுல அதுக்குன்னே ஒரு ஆள் உண்டு. வில்லை அடிச்சு 'வடக்க போனா தங்கப்பேச்சி'ன்னு நான் சொல்லுவேன், குடத்தைத் தட்டிக்கிட்டு அந்த ஆளு 'ஆமா'ங்கும். அது வந்தாத்தான் எனக்கு அடுத்த வரி வாயில வரும். வராட்டா அங்கனயே நிக்கும். பழக்கம் அப்பிடி.

அந்த ஆமா போடுத ஆளுதான் முன்னால உக்காந்திருக்காக. எங்க வீட்டுக்காரரு. பேரு தளவாய். பேரைப் பாரு, குதிரை மேல இருந்து சண்டை போட்டவரு மாதிரி! கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த வாயில ஆமாவைத் தவிர நான் ஒண்ணும் கேக்கல. வீடு மாத்துவோமா, ஆமா. மாட்டை வித்துருவோமா, ஆமா. உங்க தங்கச்சி வீட்டுக்கு இனி நான் வரமாட்டேன், ஆமா. எனக்குன்னு பாத்துக் கெட்டி வச்சாங்க.

போன ஐப்பசியில வாதம் அடிச்சுது. காலைல பல்லு வெளக்கப் போன மனுசன் கிணத்தடியிலயே சாஞ்சு கெடக்காக. அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடுனோம். டாக்டர் வந்து, 'உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா, ஆனா பேச்சு போயிட்டு, ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சி இருக்கு'ன்னாரு. என்ன வார்த்தை டாக்டர்னேன். ஆமாவாம். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. 'முந்தியும் அதுதான டாக்டர் இருந்துச்சு, புதுசா என்ன கொறஞ்சு போச்சு'ன்னு கேட்டேன். அவரு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு. படிச்சவங்களுக்குச் சிரிக்கத் தெரியாது.

நீ ஆமா போடலாம். வாய் நோவாது.

பாட்டு எல்லாம் யாரு? நான்தான். கதை யாரு? நான்தான். ஒரு கோயிலுக்கு ஒரு கதை இருக்கும், அத்தனையும் என் தலைக்குள்ள இருக்கு. அவுக சோலி குடத்தைத் தட்டுதது, நான் பாடுன கடைசி அடியத் திருப்பிப் பாடுதது, ஆமா போடுதது. அதையாவது சும்மா போடுவாகளா? மாட்டாக. 'ஆமா... ஏழாவது அண்ணன் எங்க நின்னான்?'ம்பாக. 'ஆமா... கிணத்தங்கரையில யாரைப் பாத்தா?'ம்பாக. ஏன், எனக்குத் தெரியாதா? அதைத்தான சொல்ல வாயெடுத்தேன். முந்திரிக்கொட்டை மாதிரி ஊடால ஒரு கேள்வி. சனங்களும் அதுக்குச் சிரிக்கும். எத்தனையோ வாட்டி சொல்லிருக்கேன், மேடையில எனக்கு வழிகாட்டாதீகன்னு. அதுக்கும் ஆமாதான்.

பாக்க வந்த கூட்டம் இருக்கே, அது ஒரு தனிக் கூத்து. ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'என்ன அண்ணாச்சி, சொகமா இருக்கீகளா?' சொகமா இருக்கவன் எதுக்குடா பாயில மூத்திரம் போறான்? அவுக ஆமாம்பாக. உடனே இவங்களுக்கு மனசு நெறஞ்சு போவும், காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்பிருவானுக. பீத்துணி அலசுனது நான். குப்புறப் போட்டு முதுகுல பவுடர் போட்டது நான். இந்தத் தோள்பட்டையத் தொட்டுப் பாரு, தூக்கித் தூக்கி வீங்கிப் போயி நிக்கி. வில்லடிக்கிற தோள் யம்மா இது.

ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சின்னு ஒரு பிள்ள இருக்கு. சின்னப் பிள்ள, மூக்குக் கண்ணாடி. அது படத்தைக் காட்டும். 'ஐயா, இது ஆப்பிளா?' ஆமா. 'இது நாயா?' ஆமா. அது பூனை. 'உங்க பேரு முருகேசனா?' ஆமா. அந்தப் பிள்ளைக்கு மொகம் வாடிரும். நான் சொன்னேன், 'ஏ பிள்ள, நீ கேக்கவே வேண்டாம், இங்க விட்டுட்டுப் போ, நான் பாத்துக்கிடுதேன்'னு.

எப்பிடிப் பாத்தேன் தெரியுமா? காலைல கஞ்சி குடுக்கையில கட்டில் பக்கத்துல வில்லை வச்சுக்கிடுவேன். ஒரு வரி பாடுவேன். ஆமா வந்தாத்தான் ஒரு கரண்டி கஞ்சி. வரலையா, கரண்டி அங்கனயே நிக்கும். எங்க மக மகேசு திருப்பூர்ல இருந்து வந்தவ இதைப் பாத்துட்டு, 'யம்மா, நீ என்ன யம்மா மனுசி'ன்னு அழுதுட்டா. அழுதா அழட்டும். ஒரு மாசத்துல இடது கை கட்டில் சட்டத்துல தாளம் போட ஆரம்பிச்சுட்டு. தாளம் ஒரு எடத்துலயும் தப்பல, அதைச் சொல்லித்தான் ஆகணும். என்ன, சட்டத்துல இருந்த பெயிண்ட் எல்லாம் உரிஞ்சு போச்சு.

அதே ஆமாவுலயும் ரகம் இருக்கு, பாத்துக்கோ. பசிச்சா வார ஆமா வேற. வெளிய போகணும்னா வார ஆமா வேற, அது அவசரமா வரும். கொசு கடிச்சா ஒண்ணு. டாக்டருக்குப் புரியாது, எனக்குப் புரியும்.

மகேசு ஒரு நாள் அவுக பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்கிட்டு, 'யப்பா, எங்கூட திருப்பூருக்கு வாரீகளா? அங்க நல்ல டாக்டர் இருக்காரு. ரெஸ்ட் எடுக்கலாம்'னா. ஆமான்னாக. அவளுக்கு வாயெல்லாம் பல்லு. நான் சும்மா இருப்பேனா? இந்தப் பக்கம் வந்து நின்னு, 'நீங்க எங்கூடத்தான இருப்பீக?'ன்னு கேட்டேன். ஆமா. 'பாத்தியாட்டி'ன்னேன். ரெண்டுக்கும் ஆமான்னா நான் கேட்டது பிந்தினது, பிந்தினதுதான் செல்லும். அவ, 'யம்மா, அவுகளுக்கு வேற வார்த்தை கெடையாது யம்மா'ங்கா. எப்பம் இருந்துச்சு?

மகேசு கேட்டதுக்குச் சொன்ன ஆமா கொஞ்சம் நீளமா வந்துச்சு. அதுக்கு என்ன இப்பம்? கொட்டாவியா இருக்கும்.

என்ன, ஆமாவைக் காணும்? கேட்டுக்கிட்டுத்தான இருக்க?

மாசியில ஒரு கொடைக்குக் கொம்பையாவக் கூட்டிட்டுப் போனேன். பஞ்சாயத்துல தண்ணி தெறந்து விடுத ஆளு. நல்லாத் தட்டுவான்னு சொன்னாங்க. குடத்தைத் தட்டச் சொன்னா கதவைத் தட்டுதான். ஆமா போடச் சொன்னா, நான் மூச்சு வாங்குத எடத்துல எல்லாம் ஆமா. ராசா செத்துப் போனாருங்கேன், கல்யாண வீட்டுல தாம்பூலம் வாங்குதவன் மாதிரி சிரிச்சுக்கிட்டு ஆமாங்கான். அந்த மூதியால கதை அங்கங்க நின்னு போச்சு. எனக்கு வரி மறந்து போச்சுன்னு ஒருத்தன் சொன்னானாம். எனக்கா? தண்ணி தெறக்கவன் பக்கத்துல உக்காந்தா யாருக்குத்தான் வாய் வரும்?

அப்பமே முடிவு பண்ணிட்டேன். சித்திரையில புளியடிவிளைக் கொடை. கல்யாணம் ஆன வருசத்துல இருந்து நாங்கதான் அங்க பாடுதோம். தர்மகர்த்தா வந்து, 'இந்த வருசம் வேற செட்டு பாத்துக்கிடுதோம் ஆச்சி, அண்ணாச்சிக்கு முடியல, நீங்களும் ரெஸ்ட் எடுங்க'ங்காரு. எல்லாவனுக்கும் இந்த ரெஸ்ட் ஒண்ணு வாயில வந்துருது. 'அண்ணாச்சி வாராக, மேடையில உக்காருவாக, ஆமா போடுவாக. உமக்கு வேற என்ன வேணும்?'னு கேட்டேன். அவரு கட்டிலை எட்டிப் பாத்து, 'வாரீகளா அண்ணாச்சி?'ன்னாரு. ஆமான்னாக. தீந்துது சோலி.

மகேசு போன்ல கத்துதா. வெயில்ல மேடையில வச்சு அப்பாவைக் கொல்லப் போறியாங்கா. மருமவன் ஊடால வாங்கி, 'அத்தை, ஒரு நாளைக்குத்தான, ரெக்கார்டிங் போட்டு ஆமா சொல்ல வச்சுக்கிடலாமே'ங்காரு. கம்பெனியில பெரிய வேலை பாக்காராம். எப்பிடித்தான் பாக்காரோ.

கொடை அன்னைக்கு மத்தியானம். பந்தல்ல ரெண்டு பக்கமும் தலவாணி அண்டக் குடுத்து உக்கார வச்சேன். ஜிப்பா போட்டு, நெத்தி நெறைய திருநீறு பூசி, வலது கையைத் துண்டுக்குள்ள மறைச்சு விட்டேன். பாத்தா நோயாளின்னு சொல்ல முடியாது. குடத்துக்குக் கொம்பையா, வாயத் தெறக்கப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். மைக்கை அவுக வாய்க்கு நேரா வச்சேன்.

அந்தக் கோயில் கதையச் சொல்லிருதேன், அப்பத்தான் உனக்கு வெளங்கும். தங்கப்பேச்சிக்கு அண்ணன்மாரு ஏழு பேரு. சொத்துக்காக அவளை அறையில போட்டுப் பூட்டி, சோறு தண்ணி இல்லாமச் சாக விட்டாங்க. அவ தெய்வமாத் திரும்பி வந்து ஒவ்வொருத்தனா வெட்டுதா. ஆறு பேரை வெட்டிட்டு ஏழாவது ஆளை மட்டும் விட்டுருதா. ஏன்னா அவன்தான் கதவு இடுக்கு வழியா அவளுக்குத் தண்ணி குடுத்தவன். புளியடிவிளைக்காரங்க அம்புட்டுப் பேரும் அந்த ஏழாவது ஆளோட வம்சம். அதனால அந்த எடம் வந்தா ஊரே எந்திரிச்சு நின்னு கும்பிடும். மேற்க இன்னொரு கோயில் இருக்கு, அங்கயும் இதே மாதிரிக் கதைதான், ஆனா அங்க உள்ளவ ஒருத்தனையும் விட மாட்டா.

பாட ஆரம்பிச்சேன். அடா அடா, அன்னைக்கு வந்த பாட்டு! வில்லு சலங்கை குலுங்குது, நான் நிறுத்துத எடத்துல எல்லாம் கரெக்டா அந்த ஆமா வந்து விழுது. செத்துப் பொழச்ச மனுசன் போடுத ஆமாவா அது? இத்தனை மாசம் கஞ்சிக் கரண்டியோட நின்னது இதுக்குத்தான்னு நெனச்சேன். முன்ன மாதிரி ஊடால கேள்வி கேக்க அவுகளுக்கு வாயும் இல்ல. நிம்மதியாப் பாடுதேன்.

வெட்டு வந்துட்டு. ஒருத்தனை வெட்டுனா, ஆமா. ரெண்டாமவனை வெட்டுனா, ஆமா. அப்பிடியே வந்து ஆறாமவனும் விழுந்துட்டான். ஆமா. வில்லை ஓங்கி அடிச்சு, 'ஏழாமவன் தலையும் மண்ணுல உருண்டுச்சே'ன்னேன்.

ஆமா வரல.

மைக் போச்சோன்னு பாத்தேன், போகல. மறுபடியும் பாடுனேன், 'ஏழாமவன் தலையும் உருண்டுச்சே.' வரல. திரும்பிப் பாத்தேன். அவுக என்னைத்தான் பாக்காக. உதடு கோணுது, கழுத்து நரம்பு பொடைக்குது. மறுபடியும் வாதம் அடிச்சுட்டுன்னு நெனச்சேன். வீசுகோலைக் கீழ போடப் போனேன். அப்பம் மைக்ல வருது.

'இல்ல.'

யம்மா, அந்த வாயில நான் அந்த வார்த்தையக் கேட்டதே கெடையாது. இன்னொரு வாட்டி, இன்னும் சத்தமா, 'இல்ல'ன்னாக. ஊரு அப்பிடியே எந்திரிச்சுட்டு. பொம்பளைக எல்லாம் குலவை போடுதாளுக, சாமியாடி ஓடி வந்து அவுக நெத்தியில திருநீறு பூசுதான். தர்மகர்த்தா துண்டு கொண்டாந்து போத்துதாரு. யாருக்கு? அவுகளுக்கு! வம்சத்தைக் காப்பாத்துன தெய்வமாம். நான் வீசுகோலப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்.

நான் மறந்துட்டேன்னு நெனைக்கியா? போடாதே, இதுக்கு ஆமா போடாதே. நான் வேணும்னேதான் மாத்திப் பாடுனேன். மனுசனுக்கு நெனவு இருக்கா, கதை ஞாபகம் இருக்கான்னு சோதிக்க வேண்டாமா? அதுக்குத்தான். வேற ஒண்ணும் இல்ல. பொறவு நானே ஏழாமவனைப் பொழைக்க வச்சுப் பாட்டை முடிச்சுட்டேன்.

தமிழ்ல எத்தனை வார்த்தை கெடக்கு! அம்மான்னு சொல்லிருக்கலாம், தண்ணின்னு சொல்லிருக்கலாம், எம் பேரைச் சொல்லிருக்கலாம். சக்தின்னு கூப்பிடுவாக முந்தி. பொறுக்கி எடுத்தாக பாரு ஒரு வார்த்தை.

விசயத்தைக் கேட்டு மகேசு போன்லயே ஓன்னு அழுதா. சந்தோசமாம். இன்னைக்கு அந்தக் கண்ணாடிப் பிள்ள மறுபடியும் படத்தைத் தூக்கிட்டு வந்துச்சு. பூனையைக் காட்டி 'இது நாயா?' இல்ல. 'உங்க பேரு முருகேசனா?' இல்ல. 'தளவாயா?' ஆமா. ஒண்ணு கூடத் தப்பு இல்ல. அது கையத் தட்டுது, நர்சம்மா எல்லாம் கையத் தட்டுதாங்க. 'அம்மா, இனிமே ஐயா சொல்றதை நீங்க நம்பலாம். அவர்கிட்ட கேட்டு கேட்டுச் செய்யுங்க'ன்னு எனக்குப் புத்தி சொல்லுது. மூக்குல கெடக்க கண்ணாடியக் கூட நேரா மாட்டத் தெரியல அதுக்கு.

அதை மகேசுகிட்டயும் போன் போட்டுச் சொல்லிருக்கு. பஸ் ஏறையில இவ கூப்பிடுதா. நாளைக்குக் காலைல கார் பிடிச்சுக்கிட்டு வாராளாம். 'யம்மா, இன்னைக்கு சாயங்காலம் அப்பாகிட்ட நல்லா நெதானமாக் கேளு. உங்கூட இருக்காகளா, எங்கூட வாராகளான்னு கேளு. இப்பத்தான் அவுகளுக்கு ரெண்டு வார்த்தையும் இருக்கே. என்ன சொன்னாலும் சரி, நான் ஒத்துக்கிடுதேன். நீயும் ஒத்துக்கிடணும்'ங்கா. சரின்னுட்டேன். என்ன செய்ய? பஸ்ஸுல எல்லாரும் பாக்காங்க.

கேக்க எனக்கு என்ன பயம்? ஒரு பயமும் கெடையாது. கொடை முடிஞ்சதுல இருந்து நான் அவுககிட்ட ஒண்ணும் கேக்கல, அவ்வளவுதான். காப்பி வேணுமான்னு கேக்கது இல்ல, கொண்டு போய் வச்சுருவேன். படுக்கீகளான்னு கேக்கது இல்ல, படுக்க வச்சுருவேன். கஞ்சிக்கு வில்லு எடுக்கதும் இல்ல, பேசாம ஊட்டிருதேன். கேட்டாத்தான பதிலு.

நல்லாத்தான் வச்சிருக்கேன். நீயே பாத்தியே, சட்டை எப்பிடி வெள்ளையா இருக்குன்னு. திருப்பூர்ல யாரு இப்பிடித் தொவைப்பா? மெசின்ல போட்டுச் சுத்துவா. அங்க போனா யாரு கதை சொல்லுவா? அவ வீட்டுல டிவிதான் ஓடும். அந்த டிவிக்கு உக்காந்து ஆமா போடவா? அவுக போயிட்டா நான் எங்க போயிப் பாட? கொம்பையாவ வச்சுக்கிட்டா?

என்னது? நீ போயி அவுககிட்டக் கேக்கியா? எந்திரிக்காதே. உக்காரு யம்மா, உக்காருங்கேன். முன்னப் பின்ன தெரியாத பிள்ள போயி, 'பொண்டாட்டி கூட இருக்கீகளா'ன்னு கேப்பாளா? கோட்டிதான் உனக்கு. உறங்குத மனுசனைத் தொந்தரவு பண்ணப்படாது. ஏறுனதும் தலை சாஞ்சுட்டு, அப்பமே உறங்கிருப்பாக.

சரி, எட்டி மட்டும் பாரு. உறங்குதாகதான?

முழிச்சிருக்காகளா?

நல்லாப் பாரு. கண்ணு தெறந்தா இருக்கு? எப்பம் இருந்து? அந்தத் தடியன்கிட்டக் கேளு... ஏறுனதுல இருந்தா?

என் தொண்டை மைக் இல்லாம மூணு தெருவுக்குக் கேக்கும். முன் சீட்டுக்குக் கேக்காமலா இருந்திருக்கும். அம்புட்டும் கேட்டிருக்காக.

இவ்வளவு கதை சொல்லிருக்கேன். எல்லாத்துக்கும் நீதான் ஆமா போட்டிருக்க. அங்கன இருந்து ஒண்ணு கூட வரல, பாத்தியா.

வாகைவிளை வந்துட்டு. அந்தப் பையை எடுத்துக் குடு. வழி விடுடே, ஆளு இறங்கணும். ஏங்க, இந்தாங்க, கையக் குடுங்க. பையப் பைய எந்திரிங்க. எங்கூட வாரீகளா?

...கேட்டுட்டேனே. பழக்க தோசம், வாயில வந்துட்டு.

என்ன அப்பிடிப் பாக்கீக?

டிரைவர் தம்பி, ஆரன் அடிக்காதீக. அவுகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரம் ஆகும். கொஞ்சம் நிறுத்துங்க, சொல்லட்டும்.